அருக்காணி என்று பேரிட்ட காய்

காம்பில் விரிசலை முதலில் பார்த்த அன்றைக்குப் பழைய உப்புக் கிடங்குக்குள் இருந்தவர்கள் இவர்கள்:

உப்பளத்து முதலாளி காசிலிங்கம், கையில் டார்ச் லைட்டோடு.
மேஸ்திரி சுப்ராயன்.
சுப்ராயனின் அம்மா ஆராயி.
உப்பு வாரும் சவரியம்மாள், வைக்கோல் கட்டு கொண்டு வந்தவள்.
சுப்ராயனின் பெண்டாட்டி அருக்காணி.
பரங்கிக்காய்.

காயையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆராயி தூக்கில் கொண்டு வந்த டீயை ஐந்து கிளாஸில் ஊற்றினாள். முதலாளிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, சவரியம்மாளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஐந்தாவது கிளாஸைக் காய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அது தனக்குத்தான் என்று அருக்காணி குனிந்து கையை நீட்டினாள்.

“ஆறட்டும், இரு” என்றாள் ஆராயி.

அதை அவள் அருக்காணியைப் பார்த்துச் சொல்லவில்லை. மாமியாருக்குக் கண் சரியில்லை என்று அருக்காணி நினைத்துக்கொண்டாள்.

கிடங்கு மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, மணல் மேட்டில், சுப்ராயன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மாட்டுவண்டி நேராக உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான இரட்டைக் கதவு. உப்பு அடுக்கி வைத்த காலம் போய்ப் பல வருடமாகியும் அதன் சுவர்கள் வியர்ப்பதை நிறுத்தவில்லை. நடுப்பகலில், வெளியே பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தும் நேரத்திலும், உள்ளே ஓட்டு இடுக்குகளில் விழும் வெளிச்சம் காயின் முதுகில் காசு காசாகக் கிடக்கும், சுவரில் வழியும் உப்புநீர் தரைக்கு வருவதற்குள் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றுவிடும், கொடியின் பச்சை வாடையும் பழைய சாக்கின் புளித்த வாடையும் எங்கிருந்தோ கசியும் இன்னொரு வாடையும் சேர்ந்து மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கிணற்றடியில் போட்ட கொடி, மார்கழியில், சுவரில் செங்கல் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, வண்டுகூட வராத இருட்டில் ஒரு பிஞ்சு விட்டது. மாசி பிறந்தபோது அது, ஈனப்போகும் பசு கால்மடக்கிப் படுத்திருப்பது போல ஆகிவிட்டிருந்தது.

காம்பு அருக்காணியின் முழங்கைத் தடிமன். அது காயோடு சேரும் இடத்தில், மேல்பக்கத்தில், குறுக்கே ஒரு வெடிப்பு. உப்பு வாருகிறவர்களின் குதிகாலில் இருக்குமே, அந்த மாதிரி. ஓரம் காய்ந்து, நடுவில் ஈரம்.

காசிலிங்கம் டார்ச்சை அணைத்தார். “புதுச்சேரியில ஒரு தோட்டக்காரனைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். காய் உப்பி மேல ஏறுது. கொடி வேரு வுட்டுத் தரையைப் புடிச்சிக்கினு இருக்குது. நடுவுல மாட்டிக்கினு காம்பு கிழியுது. கிட்ட இருக்கிற வேரை எல்லாம் அறுத்து வுட்டா கொடி தளர்ந்து கூடவே வரும். வெடிப்புல அழுகினதைச் சுரண்டணும், சாராயத்துல துடைக்கணும், கந்தகத் தூளு போடணும். அப்புறம் விசிறிக்கினே இருக்கணும். ஈரம் நிக்கவே கூடாது.”

“யாரு கூடவே ஒக்காந்து பண்றதுங்க?” என்றான் சுப்ராயன்.

“வூட்ல பொம்பளைங்க இல்லியா? உள்ள வரைக்கும் ஓட்டை வுழுந்துடுச்சின்னா கண்காட்சியில சேத்துக்க மாட்டான்பா. வெடிப்புல ஈர்க்குச்சி வுட்டுப் பாப்பான். குச்சி உள்ள போச்சுன்னா, தூக்கிக்கினு போடான்னுடுவான்.”

“அதெல்லாம் அது பாத்துக்கும்” என்று சுப்ராயன் அருக்காணி பக்கம் மோவாயை நீட்டினான்.

சவரியம்மாள் வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டாள். “ஜெயிச்சா மாலை யாருக்கு மேஸ்திரி, உங்களுக்கா காயிக்கா?”

“காயிக்குக் கழுத்து எங்கடி இருக்குது” என்றாள் ஆராயி.

எல்லோரும் சிரித்தார்கள். சுப்ராயன் மட்டும் சிரிக்கவில்லை. புதுச்சேரி காய்கனிக் கண்காட்சியில் அந்தக் காய் முதல் பரிசு வாங்கினால் கிழக்குப் பாத்திகளை அவன் பேருக்குக் குத்தகைக்கு எழுதிவிடுவதாகக் காசிலிங்கம் சொல்லியிருந்தார். கூலிக்கு ஆள் கட்டி மேய்ப்பவன் சொந்தமாக உப்பு எடுக்கலாம். அதற்கப்புறம் அவன் சிரிப்பதே குறைந்துவிட்டது.

அருக்காணிக்கு இருந்த கவலை வேறு. அந்த அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் கழிவெளி ஏரியின் உப்புத் தண்ணீரை முதன்முதலாகப் பாத்திகளுக்குத் திறக்கும் நாளில், மேஸ்திரி வீட்டுக் கொடியில் அந்த வருடம் முதலில் பிடித்த காயை மதகில் உடைக்க வேண்டும். வெறும் காயாக இல்லை. பிஞ்சாக இருக்கும்போதே அந்த வீட்டு ஆள் ஒருவரின் பேரை அதற்கு வைத்து, அந்தப் பேரைச் சொல்லியே தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். உடைக்கும்போதும் பேரைச் சொல்லித்தான் உடைப்பார்கள். உள்ளே குங்குமத்தைக் கொட்டுவார்கள். ஓர் ஆளை வாங்கிக்கொண்டதாக மதகு நினைத்துக்கொள்ளும். அந்த ஆள் பிழைத்துக்கொள்வார். இந்த வருடம் அருக்காணியின் முறை. பிஞ்சின் காதில் பேசுவது போல மாமியார் குனிந்து அவள் பேரைச் சொன்னபோது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முன்பு ஒரு வருடம் உடைக்காமல் விட்டார்கள். சுப்ராயனின் சித்தி ஆண்டாள் பேர் வைத்த காய். நல்ல காயாக இருக்கிறதே என்று கல்யாண வீட்டுச் சமையலுக்குக் கொடுத்துவிட்டார்கள். மதகுப் பலகைக்கு அடியிலிருந்து ஆண்டாளை எடுத்தபோது உடம்பில் எங்கேயும் அடியில்லை. ரத்தமும் இல்லை. வெட்டி வைத்த பூசணித் துண்டு மாதிரி வெள்ளையாக இருந்தாள் என்று ஆராயியே சொல்லியிருக்கிறாள், சோறு பிசைந்துகொண்டே.

இந்த வருடமும் பேர் வைத்த காயை உடைக்கவில்லை. திண்டிவனத்துச் சந்தையில் வாங்கிய ஒரு பூசணியைச் சுப்ராயன் மதகில் போட்டு உடைத்தான். அதற்குப் பேர் கிடையாது.

“அது என் பேரு வச்ச காயிங்க” என்று அன்றைக்கே அவள் கேட்டாள்.

“இருக்கட்டுமே. கண்காட்சி முடிஞ்சதும் கொண்டாந்து உடைச்சிடலாம். எங்க ஓடிப் போவுது?”

“தண்ணி வுட்டாச்சே.”

“வேற காய் உடைச்சோமில்ல? மதகு இன்னா, போஸ்ட்மேனா? பேரு கேட்டு வாங்குறதுக்கு.”

அவன் சிரித்ததால் அவளும் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. குடித்தால் குடித்தேன் என்பான். அதனால் நம்பினாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது: அழுகிய காயை மதகு வாங்காது. கண்காட்சி முடிந்து திரும்பி வரும்வரை அந்தக் காம்பு தாங்க வேண்டும். காம்பு போனால் காய் போயிற்று. காய் போனால் அவளுக்குப் பதிலாகக் கொடுக்க எதுவும் இல்லை.

அதனால் அவள் முதலாளி சொன்னதைவிட அதிகமாகவே செய்தாள். காலை வேலையை முடித்ததும் கிடங்குக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்காருவாள். கதிர் அரிவாளால் கொடியின் கணுக்களில் இறங்கியிருந்த வேர்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஒவ்வொரு வேர் விடுபடும்போதும் கொடி கொஞ்சம் மேலெழுந்து, ரொம்ப நேரம் பிடித்து வைத்த மூச்சை யாரோ விடுவது போலக் காயின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, காற்றுப்போன சைக்கிள் டியூபை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி. சவரப் பிளேடால் வெடிப்புக்குள் கொழகொழத்ததைச் சுரண்டி எடுத்து, சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, மஞ்சள் கந்தகத்தைத் தூவி, கை வலிக்க வலிக்கப் பனைவிசிறியால் விசிறினாள். வெளியே தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். அது நிற்கும்போது மட்டும், காயோடு ஒட்டியிருந்த அவள் முழங்காலில் அந்த அடி தொடர்ந்து தெரியும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அதுவும் நிற்கும்.

புண்ணுக்கு மஞ்சள் வைப்பது கைப்பழக்கம். ஒருநாள் கந்தகம் தீர்ந்துபோனதால் வெடிப்பில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். அது அவள் விரலுக்கடியிலேயே சிவந்தது.

ஆராயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். ஆரத்தி கரைச்சதில்லியா நீ?”

“நான் சுண்ணாம்பு வைக்கலியே அத்தே.”

“செவுத்துல இருந்து உதிர்ந்திருக்கும்.”

இருக்கலாம். சுவர் உதிரத்தான் செய்தது. அருக்காணி விரலை முகர்ந்து பார்த்தாள். மஞ்சள் வாசனை இல்லை. சுண்ணாம்பு வாசனையும் இல்லை. வீட்டுக்குத் தூரமாக உட்கார்ந்த நாட்களில் வரும் வாடை. கையைக் கிணற்றடியில் நான்கைந்து தடவை கழுவினாள்.

அதற்கப்புறம்தான் அவள் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். சுப்ராயன் அளத்திலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வருவதில்லை. நேராகக் கிடங்குக்குப் போனான். ஒரு சாயங்காலம் அங்கிருந்து அவன் குரல் கேட்டது.

“அருக்காணி, சாப்ட்டியா?”

“இன்னும் இல்லீங்க” என்று அடுப்படியிலிருந்து சொன்னாள்.

எட்டிப் பார்த்தாள். அவன் காயின் மேல் கையை வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை. அல்லது அவளுக்குக் கேட்காத வேறொரு பதில் அவனுக்குக் கிடைத்திருந்தது.

அவளை அவன் பேர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. இந்தா என்பான். ஏய் என்பான். ஆராயி அதுகூட இல்லை. கையைத் தட்டுவாள், கோழியை விரட்டுவது போல. எந்த நாளிலிருந்து என்று யோசித்தாள். தெரியவில்லை. புருஷன் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று யார் கணக்கு வைக்கிறார்கள்?

பிளேடு ஒருநாள் நழுவியது. கட்டை விரலின் அடியில் நல்ல ஆழம். வலிக்கவில்லை. அவள் கையைத் திருப்பிப் பிடித்து, ரத்தம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டின் இரண்டு உதடும் வெளுப்பாக விரிந்து நின்றன. நடுவில் தண்ணீர் ஊறியது. லேசான பச்சை. மணி மணியாக, பரங்கிக்கொடியின் நுனியைக் கிள்ளினால் ஊறுமே, அப்படி.

பாத்திக்குப் போய்க் காலை உப்புநீரில் வைத்துப் பார்த்தாள். குதிகால் வெடிப்புகள் எரிய வேண்டும். எத்தனை வருடம் எரிந்திருக்கின்றன. எரியவில்லை. தண்ணீர் வெடிப்புக்குள் போவது தெரிந்தது. போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பாத்தியில் உப்பும் பூக்கவில்லை. தண்ணீர் விட்டு இத்தனை நாளாகியும் எந்தப் பாத்தியிலும் பூக்கவில்லை. மற்ற அளங்களில் குவியல் ஏறிவிட்டது. இங்கே தண்ணீர் கலங்கி, பால் திரிந்த மாதிரி நின்றது. வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் மதகைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். கிடங்குக்குள் போனாள். இதை முன்பே செய்திருக்க வேண்டும். வெடிப்பு இப்போது முன்னளவுக்கு அகலமில்லை. ஓரங்கள் நெருங்கி வந்து, புதுத்தோல் மாதிரி ஒன்று மூட ஆரம்பித்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்ன வாய். குச்சியை உள்ளே விட்டாள். தடங்கல் இல்லை. விரல் நீளம் போயிற்று. சாண் போயிற்று. அவள் தள்ளுவதை நிறுத்தினாள்.

குச்சி நிற்கவில்லை.

மெதுவாக. குழந்தை பால் குடிப்பது போல, விட்டு விட்டு. இழுத்துக்கொண்டது.

பிடுங்கினாள். வந்தது. நுனி சிவப்பாக இருந்தது. தொட்டால் சூடு.

அன்றைக்குச் சுப்ராயன் வருவதற்காக வாசலிலேயே நின்றாள். அவன் சைக்கிளை நிறுத்துவதற்குள் சொன்னாள்.

“உள்ள வரைக்கும் ஓட்டைங்க. கண்காட்சியில எடுத்துக்க மாட்டான். இப்பவே மதகுக்குக் கொண்டு போயி உடைச்சிடலாம்.”

அவன் குச்சியை வாங்கிப் பார்த்தான். முகர்ந்தான். பதறவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. பதறாமல், குச்சியை இரண்டாக ஒடித்து வேலிக்கு அப்பால் போட்டான். தேன்மெழுகைக் காய்ச்சி எடுத்து வந்து அந்த வாயை அவனே அடைத்தான். அடைத்துவிட்டு, தலையை வருடுவது போலக் காம்பை ஒரு தடவை வருடினான்.

“வலிச்சுதா?” என்றான்.

அவள் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. அதை அவன் பார்க்கவேயில்லை.

மறுநாள் பகலில் ஆராயி கடைக்குப் போனாள். சுப்ராயன் அளத்தில். அருக்காணி கொடுவாளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனாள். தானே உடைத்துத் துண்டுகளைக் கூடையில் சுமந்து மதகில் கொட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். கிழக்குப் பாத்தி போனால் போகட்டும். காயின் எதிரே நின்று கொடுவாளை ஓங்கினாள். பேரைச் சொல்லி உடைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் காய்.

வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

பேர் தெரியும். நாக்கு எங்கே தொட வேண்டும் என்று தெரியும். மறுபடி திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மாமியார் பேரைச் சொல்லிப் பார்த்தாள்; வந்தது. புருஷன் பேர், வந்தது. ஆண்டாள், வந்தது. தன் பேர் வரவில்லை. தொண்டையில் அது இருந்த இடம் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. எதிரே காய் சும்மா இருந்தது. முதுகில் வெளிச்சப் புள்ளிகள் ஏறி இறங்கின. ஓட்டில் காற்று இல்லை. வெளிச்சம் அசையவில்லை. அசைந்தது காயின் முதுகு.

கொடுவாளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வெயில் உச்சியில் இருந்தது. வரப்பில் ஓடும்போது இரண்டு பக்கமும் வெள்ளை. வானமும் வெள்ளை. கால் கனத்தது. சவரியம்மாள் கடைசிப் பாத்தியில் வாருபலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரே வயது இருவருக்கும். ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறார்கள். மேஸ்திரி பெண்டாட்டி ஆனபிறகும் அருக்காணியை வாடி போடி என்று பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

“ஒரு வாட்டி என் பேரைச் சொல்லிக் கூப்புடுடி.”

சவரியம்மாள் அவளைப் பார்த்தாள். அப்புறம் மதகுப் பக்கம் பார்த்தாள். மதகில் சுப்ராயன் நின்றிருந்தான்.

“வேணாம்.”

“ஒரு வாட்டி. சத்தமாகூட வேணாம்.”

“மேஸ்திரி சொல்லியிருக்காரு. பேரு ரெண்டு எடத்துல இருக்கக் கூடாதாம். தையிலயே எல்லாருக்கும் சொல்லிட்டாரு.”

“தையிலயா?”

“தண்ணி தொறந்த அன்னிக்கே. உன்னை யாரும் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாதுன்னு.” சவரியம்மாள் பலகையால் தண்ணீரை ஒருமுறை இழுத்தாள். இழுக்க அங்கே உப்பு இல்லை. “எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. நான் மாதா கோயிலுக்குப் போறவ. ஆனா நாளைக்கும் வேலைக்கு வரணுமே.”

“அப்ப நம்பிக்கை இல்லாதவ சொல்றதுக்கு இன்னா?”

சவரியம்மாள் குனிந்துகொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு, காலியான பாத்தியை வாரிக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் திறந்த அன்று. மதகு போஸ்ட்மேனா என்று சிரித்தானே, அன்று. அப்போது காம்பில் விரிசல்கூட விழவில்லை. அவள் விசிறிய பகல்கள் எல்லாம் அதற்கு அப்புறம். அவளே சுரண்டி, அவளே துடைத்து, அவளே காய வைத்து.

சுப்ராயன் வரப்பில் வந்துகொண்டிருந்தான். அவசரப்படவில்லை. அவளுக்கு ஓட வேண்டும் என்று இருந்தது. கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவன் ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை அடியிலும் கொடுத்துத் தூக்கினான். மூட்டையைத் தூக்குகிற மாதிரி இல்லை. கீறல் படாமல், பக்குவமாக.

“வெயில்ல வச்சா வெம்பிடும்” என்றான், யாரிடமோ.

கண்காட்சிக்கு லாரி வந்தபோது பொழுது சாயவில்லை. கிடங்கின் இரட்டைக் கதவும் திறந்து கிடந்தது. அருக்காணி உள்சுவர் ஓரமாக வைக்கோலில் இருந்தாள். எத்தனை நாளாக அங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. பசிக்கவில்லை. ஆராயி காலையில் வந்து காலடியில் தண்ணீர் ஊற்றுவாள். அது போதுமாக இருந்தது.

காசிலிங்கம் புது ஈர்க்குச்சியோடு குனிந்து காம்பைச் சோதித்தார். குச்சி உள்ளே போகவில்லை. மெழுகு தானாக உதிர்ந்து, வெடிப்பு இருந்த இடத்தில் வழுவழுவென்று தோல் மூடியிருந்தது. இளஞ்சிவப்பு. ஆறிய புண்ணின் நிறம்.

“பலே. நல்லாப் பாத்துக்கினப்பா.”

“வூட்ல பாத்துக்கிச்சிங்க.”

காம்பை ரம்பத்தால் அறுத்தார்கள். அருக்காணி கண்ணை இறுக்கிக்கொண்டாள். தன் உடம்பில் எங்கேயோ அறுபடும் என்று காத்திருந்தாள். எங்கேயும் அறுபடவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. நடுங்கியதா? உடம்பு நடுங்கவில்லை. நடுக்கம் உள்ளே விதை மாதிரி உருண்டது.

சுமைக்காரர்கள் காயைச் சாக்கில் உருட்டி ஏற்றிக்கொண்டு வெளியே போனார்கள். காசிலிங்கமும் போனார். சுப்ராயன் மட்டும் நின்றான்.

“ஏங்க” என்றாள்.

அவனுக்குக் கேட்டது. இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. அவன் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது.

“என்னை இன்னா பண்ணப் போறீங்க?”

அவன் கிட்ட வந்து குந்தினான். சாராயத் துணியை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றித் துடைத்தான். பதமாகத் துடைத்தான்.

“பாத்தியில உப்பு பூக்கல. ஆளுங்க எல்லாம் வேலையை வுட்டுட்டுப் போறேங்கறாங்க. மதகுக்கு ஒண்ணு குடுத்தே ஆவணும்.” துணியை மடித்தான். “அந்தக் காயைக் குடுத்துட்டா கிழக்குப் பாத்தி போயிடும். நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?”

அவள் சொன்னாள். இருந்ததையெல்லாம் திரட்டிச் சொன்னாள். வெளியே வந்தது ஒரு மூச்சு. காற்றுப்போன டியூபை அமுக்கினால் வருகிற சத்தம்.

அவன் எழுந்தான். கைலியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டான். போனான்.

ஆராயி வந்தாள். அருக்காணியைச் சுற்றி வைக்கோலை அணைத்து வைத்தாள். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல். வாசலைப் பார்த்து யாருக்கோ குரல் கொடுத்தாள்.

“அமாவாசைத் தண்ணி ஏறதுக்குள்ள மதகுக்குத் தூக்கிடணும். காலையிலயே ஆளு வரச் சொல்லு.”

சவரியம்மாளின் குரல், வெளியிலிருந்து: “சரிங்கம்மா.”

லாரி எஞ்சின் உறுமி, அடங்கி, சீரானது. யாரோ பின்பலகையை ஏற்றிக் கொக்கி மாட்டினார்கள். சுப்ராயன் மேலே ஏறும் சத்தம். வைக்கோல் நெரியும் சத்தம். அவன் பேசினான். எவ்வளவோ நாளுக்கு அப்புறம் அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

“அருக்காணி, ஒக்காந்துக்கினியா? போலாமா?”

அவள் வாயைத் திறந்தாள்.

லாரியில், வைக்கோலுக்கு நடுவிலிருந்து, அவளுடைய குரல் பதில் சொன்னது.

“ம். போலாங்க.”

ஆராயி வெளியே போய், கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, பூட்டினாள்.